புதுப்பிப்பு: தேக்கு மேசைப் பலகைக்குத் துணியால் பூச்சு, கடைசியில் எது ஒத்துவந்தது?

தேக்குப் பலகைகளை ஒட்டி நானே செய்த மேசைக்கு, பிரஷ்ஷும் ஸ்ப்ரேயும் இல்லாமல் துணியால் என்ன பூசலாம் என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஆளிவிதை எண்ணெயை முதலில் ஒரு துண்டுக் கட்டையில் பூசிப் பார்த்தேன். நிறம் அபாரம். ஆனால் ஈர டம்ளர் ஒரு மணி நேரம் இருந்ததற்கே வளையம் விழுந்துவிட்டது. தினமும் புழங்கும் மேசைக்கு இது ஆகாது.

கைகொடுத்தது பாலியூரித்தேன் வார்னிஷில் சரிபாதி டர்பெண்டைன் கலந்து, பஞ்சு பிரியாத பழைய பனியன் துணியால் துடைத்துப் பூசும் யோசனைதான். பூசும் முன் பலகையை 180, அப்புறம் அதைவிட நயமான 220 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். பூச்சு மெல்லியது என்பதால் ஐந்து முறை பூசினேன். நடுநடுவே ஒரு இரவு காயவிட்டு, 320 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு.

எதிர்பாராதது ஒன்று: முதல் பூச்சு மூன்று நாளாகியும் பிசுபிசுவென்றே இருந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, அதைக் கரைத்தெடுக்கும் அசிட்டோனால் முதலில் துடைக்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். நான்தான் மேலோட்டமாகப் படித்திருக்கிறேன்! எல்லாவற்றையும் தேய்த்தெடுத்து, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியான கையோடு பூசியதும் சரியாகக் காய்ந்தது.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகே எறிந்தேன்.

இப்போது டம்ளர் வளையம் விழுவதில்லை. ஒற்றைத் தாளை வைத்து அழுத்தி எழுதினால் மட்டும் பேனாத் தடம் பதிகிறது.