தைராய்டு புற்றுநோய்க்கு டிரையல் தேடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்களுக்குக் கரூர்ப் பக்கம். அம்மாவுக்குப் பாப்பிலரி வகை. 2014-ல் கழுத்தில் அறுவை சிகிச்சை, அப்புறம் மூன்று முறை கதிரியக்க அயோடின் மருந்து. ஒவ்வொரு தடவையும் அயோடின் கலக்காத உப்பு தேடி அலைந்தோம். மூன்றாவது முறை உடல் முழுக்க எடுத்த அயோடின் ஸ்கேனில் எதுவுமே தெரியவில்லை. சுத்தமாகிவிட்டது என்று நினைத்துப் பழனிக்குப் போய் வந்தோம். ரத்தத்தில் தைரோகுளோபுலின் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தைராய்டு செல்கள் சுரக்கும் புரதம் அது; ஏறினால் நோய் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். நுரையீரலுக்குப் பரவிய கட்டிகள் அயோடினை வாங்குவதை நிறுத்திவிட்டன, அதனால்தான் ஸ்கேனில் தெரியவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா வழியெல்லாம் பேசவே இல்லை. அடுத்து கொடுக்க வேண்டிய மாத்திரையின் மாதச் செலவு எங்கள் கைக்கு எட்டாது. டிரையல், அதாவது நோயாளிகளிடம் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு, என்ற சொல்லை அப்போதுதான் முதலில் கேட்டோம்.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. (CTRI) என்ற அரசு இணையப் பதிவேட்டில் பதிவது 2009-லிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். 'தைராய்டு' என்று மட்டும் தேடினால் சாதாரணத் தைராய்டு குறைபாடு, ஆயுர்வேதம், மயக்க மருந்து என்று எல்லாம் வந்து நிற்கும். எங்களுக்கு வேண்டியது 'அயோடினுக்குக் கட்டுப்படாத' (ஆங்கிலத்தில் radioiodine refractory) என்ற சொல். அது இருக்கிறதா, இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, எந்த ஊரில் நடக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு வாரம் ஆனது. பதிவேட்டில் ஆள் சேர்ப்பதாக இருக்கும். போன் செய்தால் முடிந்துவிட்டது என்பார்கள். அதனால் கட்டாயம் போன் செய்யுங்கள். ஆய்வாளரின் எண் அங்கேயே இருக்கும்.

முதல் டிரையலில் அம்மாவைச் சேர்க்கவில்லை. கட்டி கடந்த ஒரு வருடத்துக்குள் வளர்ந்திருப்பதை இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட்டு அளந்து காட்ட வேண்டும். எங்களிடம் பழைய ஸ்கேனின் ரிப்போர்ட் மட்டும் இருந்தது, படங்கள் பதிந்த சி.டி. (டிஸ்க்) இல்லை. 2014-ல் எடுத்த கட்டியின் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசு) கேட்டார்கள். அறுவை செய்த மருத்துவமனையில் மூன்று வாரம் அலைக்கழித்துவிட்டு, கிடைக்கவில்லை என்றார்கள். அந்த மூன்று வாரத்துக்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. சி.டி.யும் பிளாக்கும் பத்திரமாக இருக்கின்றனவா என்று இன்றே விசாரியுங்கள். டிரையல் வேண்டுமா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம்.

எட்டு மாதம் கழித்து, புதிதாக ஊசி வழியே திசு எடுத்து, இன்னொரு டிரையலில் சேர்ந்தோம். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "சும்மா மாத்திரையைக் கொடுத்துட்டா என்ன பண்றது?" அந்த டாக்டர் பொறுமையாக, அயோடினுக்குக் கட்டுப்படாத தைராய்டு புற்றுநோய்க்கான லென்வாட்டினிப் என்ற மாத்திரையின் பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். மொத்தம் 392 பேர். 261 பேருக்கு மருந்து, 131 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நோய் வளராமல் இருந்த காலம் மருந்தில் 18.3 மாதம், வெற்று மாத்திரையில் 3.6 மாதம். வெற்று மாத்திரைக்காரர்களுக்கு நோய் வளர்ந்தால் நிஜ மருந்துக்கு மாற வழி வைத்திருந்தார்கள். "எங்களுக்கும் அந்த வழி உண்டா?" என்று அப்பா கேட்டார். உண்டு என்றார்கள். எழுதியிருக்கிறதா என்று கேட்டார். ஒப்புதல் படிவத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். அன்று அப்பாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

படிவம் தமிழிலேயே இருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் படித்தோம். மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு என்பதெல்லாம் மருந்து ஆய்வுகளுக்கான அரசின் 2019 விதிகளிலேயே இருக்கிறது. படிவத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். பிரஷர் ஏறியது, உள்ளங்கால் தோல் உரிந்து நடக்க முடியாமல் போனது, மருந்தின் அளவைக் குறைத்தார்கள். கட்டிகள் பதினான்கு மாதமாக அப்படியே இருக்கின்றன.

*

அக்கா, எனக்கு மெடுல்லரி வகை. எங்களுக்கு அயோடின் மருந்து வேலை செய்யாது. டிரையல் கேட்டு எங்கே போனாலும் முதல் கேள்வி, "ரெட் (RET) மரபணு பார்த்தாச்சா?" ரத்தத்திலும் பார்க்க வேண்டும், கட்டியிலும் பார்க்க வேண்டும். அந்த மரபணுவில் மாற்றம் ரத்தத்திலும் இருந்தால் பரம்பரையாக வந்தது என்று அர்த்தம். எனக்கு இருந்தது. தம்பிக்கும் என் மகளுக்கும் பார்த்தோம். தம்பிக்கு இல்லை, மகளுக்கு உண்டு. நான் டிரையல் தேடிப் போனதால்தான் அவளுக்கு நேரத்தோடு தெரிந்தது.

*

அப்பாவுக்கு அனாபிளாஸ்டிக், மிக வேகமாக வளரும் தைராய்டு புற்றுநோய். இந்த வகையில் வாரக்கணக்குதான். பிராஃப் (BRAF) மரபணுவில் வி600இ (V600E) என்ற மாற்றம் இருந்தால் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கலாம், அமெரிக்காவில் 2018-லேயே அனுமதித்துவிட்டார்கள் என்று ரொம்பத் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். திசு எடுக்கும் அன்றே அந்தச் சோதனைக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் ரிப்போர்ட் வந்த பிறகு தனியாக அனுப்பினோம். முடிவு வந்தபோது அப்பா இல்லை.

*

தம்பி, மனசு கனக்கிறது. திசு எடுக்கும் அன்றே சோதனைக்கு அனுப்பச் சொன்ன உங்கள் வரியை அப்படியே அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். டிரையல் வார்டில் பக்கத்தில் உட்கார்பவர்களிடமும் சொல்கிறேன். இன்னொருவர் கேட்டிருந்தார்: நடுவில் விலகினால் கோபித்துக்கொள்வார்களா? மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சையை அதனால் நிறுத்தக் கூடாது. காலில் தோல் உரிந்த வாரம் அம்மா விலகுகிறேன் என்றுதான் சொன்னார். "உங்க இஷ்டம்மா, வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க" என்றார் நர்ஸ். ஒரு வாரம் மருந்தை நிறுத்தி வைத்தார்கள். அம்மா வேப்பெண்ணெய் தடவக் கேட்டார். அது வேண்டாம் என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவராகவே பையை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.