கறுப்பு வெள்ளை மேக்ரோவில் செங்காந்தள்: பூவும் இலையும் ஒரே சாம்பலாகின்றன

வேலியோரம்:
வணக்கம். சிறுமலை அடிவாரத்து வேலிகளில் பூத்திருக்கும் செங்காந்தளை 90 மி.மீ. மேக்ரோ லென்ஸில் (மிக அருகிலிருந்து எடுப்பதற்கானது) எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி வருகிறேன். வண்ணத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, நிறத்தை நீக்கியதும் பின்னாலுள்ள இலையோடு ஒரே சாம்பலாகக் கலந்துவிடுகிறது. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் இதழின் நுண்கோடுகள் மறைகின்றன. இதை எவ்வாறு சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இருட்டறை:
நிறச்செறிவைப் பூஜ்ஜியமாக்கி மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலத்தரவாக) எடுத்து, மென்பொருளின் கறுப்பு வெள்ளைப் பகுதியில் ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வையும் தனித்தனியே கூட்டிக் குறையுங்கள். சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தால், ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் மாட்டியதைப் போலப் பூ வெளுத்து இலை கறுக்கும். ஆயினும் காந்தளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏனெனில் இதழின் அடியிலுள்ள மஞ்சளும் நுனியிலுள்ள சிவப்பும் சேர்ந்தே வெளுத்து, அந்தப் பூவுக்கு உயிரான நிறமாற்றமே அழிந்துவிடும். மாறாக, சிவப்பைக் குறைத்து மஞ்சளைக் கூட்டினால், அடியில் ஏறத்தாழ வெண்மையாகத் தொடங்கும் இதழ், நெளிந்து நெளிந்து மேலேறி நுனியில் கருமையாக முடியும்.

தும்பைக்காடு:
மென்பொருளுக்குப் போகுமுன் ஒளியைக் கவனியுங்கள். வெயில் ஏறாத காலையில், நிழல் விழுந்த புதர் பூவுக்குப் பின்னால் வருமாறு நின்று எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். நான் பெரும்பாலும் தும்பையைத்தான் எடுக்கிறேன். அதன் மேலுதட்டில் அடர்ந்திருக்கும் வெண்மயிர்கள் பின்னொளியில் ஒவ்வொன்றாகத் தெரியும். வண்ணப்படத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. இருண்ட பின்னணியில் சிறு வெள்ளைப்பூ என்றால், கேமரா இருட்டைக் கணக்கிட்டு ஒளியைக் கூட்டி, பூவை வெளிறச் செய்துவிடும். ஆகவே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள்.

வேலியோரம்:
இருவருக்கும் நன்றி. ஆனால் நுனி கருமையாக முடிந்தால், நிழற்புதர் அதை விழுங்கிவிடாதா?

இருட்டறை:
விழுங்கிவிடும். நிழற்புதர் தும்பைக்கும் எருக்குக்கும் பொருந்தும். காந்தளுக்கு வெளிர் சாம்பல் பின்னணியே வேண்டும். ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் செடிகளை 30 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டியபோது, பின்னால் வைத்தது வெறும் அட்டைதான். அவர் செடியைக் கொய்து அட்டைக்கு முன் வைத்தார். நாம் பூவைப் பறிக்காமல் அட்டையைச் செடிக்குக் கொண்டுபோகலாம். அட்டையைப் பூவிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் பிடித்தால் அதன் சொரசொரப்பு படத்தில் விழாது.

முக்காலி:
ஃபோகஸ் பற்றி யாரும் பேசவில்லையே. உயிரளவில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் பூ தன் உண்மை அளவிலேயே விழுமாறு எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 8 வரை சுருக்கினாலும் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதற்காக எஃப் 22 வரை மூடினால், சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மங்கும். எனவே இதழின் விளிம்பு சென்சாருக்கு இணையாக இருக்குமாறு கேமராவைத் திருப்பி, எஃப் 8 அல்லது 11இல் எடுங்கள். ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் கூர்மையான பகுதிகளை மென்பொருளில் ஒரே படமாக அடுக்குவது நல்ல வழிதான். ஆனால் காந்தள் கொடி இலைநுனியால் பற்றி ஏறுவதால் சிறு காற்றுக்கும் ஆடும். பூவுக்குக் கீழே தண்டைத் தனிக்குச்சி ஒன்றில் மெல்லிய கிளிப்பால் பிடித்து வைத்தால்தான் அடுக்குவதற்கேற்ற படங்கள் கிடைக்கும்.