அல்ட்ராமேன் (1966): 5 எபிசோட் பார்த்தாச்சு, இதுக்கா இவ்வளவு அலப்பறை?

ராப்பறவை: அல்ட்ராமேன் பார்க்காதவன் ஜப்பான் சீரியல் பத்திப் பேசவே கூடாதுன்னு போன வாரம் இங்க ஒரு பெரியவர் உபதேசம் பண்ணினார். ரோஷத்துல 5 எபிசோட் பார்த்துட்டேன். ரப்பர் சட்டை போட்ட ரெண்டு பேர் கட்டிப் புரள்றாங்க. விண்வெளியிலேர்ந்து வந்த ராட்சச ஹீரோவாம், மூஞ்சி முழுக்கச் சுருக்கம். மொத்தமே 3 நிமிஷம்தான் தாங்குவாராம். அப்ப கையிலேர்ந்து விடற அந்த ஸ்பீசியம் கதிரை முதல் நிமிஷமே அடிச்சுத் தொலைக்கறதுதானே? எதுக்கு அவ்வளவு நேரம் குஸ்தி?

பீட்டாகேப்சூல்: அந்தப் பெரியவர் நான்தான். 3 நிமிஷம்னு எந்த எபிசோட்ல சொன்னாங்க? எண் குடுங்க.

ராப்பறவை: ஊருக்கே தெரிஞ்சதுக்கு எண் எதுக்கு சார்?

பீட்டாகேப்சூல்: முதல் எபிசோட்ல பின்னணிக் குரல் என்ன சொல்லுது? சூரியன்கிட்ட வாங்கின சக்தி பூமியில வேகமா கரையும், நெஞ்சு விளக்கு மினுக்க ஆரம்பிக்கும், அணைஞ்சா மறுபடி எழுந்திருக்கவே முடியாது. அவ்வளவுதான். நிமிஷக் கணக்கே கிடையாது. அந்த விளக்கே டோரு நரிடா வரைஞ்ச உருவத்துல இல்ல, அப்புறம் ஒட்டினது. சுருக்க மூஞ்சி முதல் 13 எபிசோட்தான். வாய் அசையணும்னு ஆசைப்பட்டுப் பண்ணினது. பார்க்கத் தெரிஞ்சவனுக்கு அந்த மூஞ்சிதான் அழகு.

சும்மாசுப்பு: ஜப்பான்ல கப் நூடுல்ஸ் ஊறுற நேரமும் அல்ட்ராமேன் நேரமும் ஒண்ணுன்னு காலங்காலமா ஜோக் ஓடுது. அவங்க ஊர்க் குழந்தைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதாண்ணே?

பீட்டாகேப்சூல்: நூடுல்ஸ் பாக்கெட் ஆதாரமா? கப் நூடுல்ஸ் வந்ததே 1971-ல. சீரியல் 1967 ஏப்ரல்லயே முடிஞ்சுபோச்சு. எபிசோட் எண் கேட்டேன்.

ராப்பறவை: நிமிஷத்தை விடுங்க. 2-வது எபிசோட்ல பால்டன்ங்கற வேற்றுக்கிரகவாசிங்க கப்பல்ல இருந்தது 203 கோடி உயிர். மொத்தத்தையும் அழிச்சுட்டு உங்க ஹீரோ கூலா பறந்து போறார். அது ஓகேவா?

பீட்டாகேப்சூல்: செவ்வாய்க்குப் போங்கன்னு ஹயாட்டா, அதான் அல்ட்ராமேனா மாறுற மனுஷன், முதல்ல பேசித்தானே பார்த்தான்? அங்க ஸ்பீசியம்ங்கற பொருள் இருக்கு, எங்களுக்கு ஆகாதுன்னு அவங்கதான் மாட்டேன்னாங்க. உயிர்னா என்னன்னே புரியாத கும்பல் அது. பேச்சை மாத்தாதீங்க. 3 நிமிஷம், எந்த எபிசோட்?

கோஜிராதாசன்: எண்ணு எண்ணுன்னு குதிக்கிற இவர்தான் போன வருஷம் 1954 காட்ஸில்லாவைக் கலர் படம்னு எழுதினவர். மக்களே, நினைவிருக்கட்டும்.

பீட்டாகேப்சூல்: அது தட்டச்சுப் பிழை.

கோஜிராதாசன்: கறுப்பு வெள்ளைன்னு அடிக்கப் போனா கலர்னு விழுமா? எந்த விசைப்பலகை சார் அது? உங்க அல்ட்ராமேன் 10-வது எபிசோட்ல வர்ற ஜிராஸ் யாரு? எங்காளுக்குக் கழுத்துல விசிறி மாட்டினது. கடன் வாங்கின சட்டைக்கு இவ்வளவு திமிர்.

பீட்டாகேப்சூல்: ரெண்டுக்கும் அப்பன் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பண்ணின எய்ஜி சுபுராயாதான். அப்பன் வீட்டுச் சட்டையை எடுத்துப் போட்டா கடனா? அல்ட்ராமேன் சட்டைக்குள்ள நின்ன நடிகர் ஃபுருயாவைப் பாருங்க. குனிஞ்சு, கை நீட்டி, அடிக்கலாமா வேண்டாமான்னு தயங்குற மாதிரி ஒரு நிலை. அதைத்தான் இவர் குஸ்திங்கறார்!

சும்மாசுப்பு: முதல் எபிசோட்ல அல்ட்ராமேன் ஹயாட்டாவோட விமானத்துல மோதி ஆளையே கொன்னுட்டு, அப்புறம் அவனோட ஒண்ணாகி, உருமாற உதவுற பீட்டா கேப்சூலைக் கையில குடுக்கறப்போ 'ஹ ஹ ஹ, கவலைப்படாதே'ன்னு சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்புக்காகவே நான் முழுசும் பார்ப்பேன். சண்டை போடாதீங்கப்பா.

ராப்பறவை: எனக்கு அந்தச் சிரிப்புதான் பயமா இருந்துச்சு. 39 எபிசோடும் பார்த்துட்டு வந்து 3 நிமிஷத்தை நிரூபிக்கிறேன்.

பீட்டாகேப்சூல்: பாருங்க. எண்ணோட வாங்க. 'திரும்பி வந்த அல்ட்ராமேன்'ங்கற அடுத்த சீரியல்லேர்ந்து தூக்கிட்டு வந்தா செல்லாது, அது 1971.

கோஜிராதாசன்: கலர் படத்துக்கு இன்னும் பதில் வரல.