ஜீசி-எம்எஸ்ல (சாமானை ஆவியாக்கிப் பிரிச்சு அளக்கிற கருவி) கலிபிரேஷன் கோடு (தெரிஞ்ச செறிவுக்கு எதிரா சிக்னல்) வளைஞ்சு நின்ன அனுபவங்களைப் போடுங்க

ஹட்டன்காரன்:
தேயிலைத்தூள்ல டைமெத்தோயேட்ங்கிற பூச்சிமருந்து. 5 முதல் 200 பிபிபி (நூறு கோடியில ஒரு பங்கு) வரை ஆறு புள்ளி, ஆர் ஸ்கொயர் (புள்ளிகள் கோட்டுல எவ்வளவு பொருந்துதுங்கிற எண்) 0.996. பார்க்க லட்சணமாத்தான் இருந்திச்சு. பீக் ஏரியாவை (கருவி காட்டுற சிகரத்தோட பரப்பு) செறிவால வகுத்துப் பார்த்தா 50க்கு மேல எல்லாம் ஒரே மாதிரி, 10ல பாதி, 5ல பீக் வாலை இழுத்துக்கிட்டுத் தரையிலயே கிடக்கு. லைனர், அதாவது ஊசி போட்டது ஆவியாகுற கண்ணாடிக் குழாயைக் கழற்றினா கண்ணாடிப் பஞ்சு, ஊசி சொட்டுற இடத்துல, பிளேன்டீ நிறம். புது டீஆக்டிவேட்டட் (மருந்து ஒட்டாம பூசின) லைனர், செப்டம் (ஊசி துளைக்கிற ரப்பர் மூடி), இன்லெட் அடித்தட்டு மாத்தி, கொலத்துல (பிரிக்கிற நீளக் குழாய்) இன்லெட் பக்கம் 30 செ.மீ. வெட்டினதும் 5 எழும்பி நின்னுச்சு. வெட்டினா பீக் முன்னுக்கு வரும். சிம் (குறிச்ச அயனை மட்டும் பார்க்கிற முறை) நேர எல்லையைத் திருத்தாட்டி பீக் பாதியில அறுந்துரும்.

பனிமூட்டம்:
எங்களுக்கு மேல் முனையிலதான் வளைவு. ஆந்த்ராகுவினோன், 500 பிபிபி வரை. விறகு அடுப்புப் புகையில வர்ற சாமான், ஐரோப்பாவுக்குப் போற தூள்னா எல்லை 0.02 மி.கி./கி.கி. நிறை 208 அயன் பீக்கோட தலை கத்தியால சீவின மாதிரி தட்டை. 152 மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு, அதனால 152/208 விகிதம் செறிவோட கூடுது. இன்லெட்டைத் தொடவே தேவையில்ல, டிடெக்டர் நிரம்பிட்டுது. மல்டிப்ளையர் (டிடெக்டர்ல சிக்னலைப் பெருக்குற பாகம்) வோல்டேஜைக் குறைச்சதும் நேராச்சு. 2 கிராம் தூளை 10 மில்லி அசிட்டோநைட்ரைல்ல எடுத்தா அந்த எல்லை வயல்ல (ஊசி எடுக்கிற சின்னக் குப்பி) 4 பிபிபிதான். அதுக்கு 500 வரைக்கும் கோடு எதுக்கு?

தொங்கல்:
ஹட்டன் தம்பி, 2 மைக்ரோலீட்டர் அடிச்சீங்களா? இன்லெட் 250 பாகை, 10 பிஎஸ்ஐ அழுத்தத்துல 2 மைக்ரோலீட்டர் அசிட்டோநைட்ரைல் ஆவியானா கொழும்புல ஏறக்குறைய 980 மைக்ரோலீட்டர். 4 மி.மீ. லைனர் கொள்ளுறதே அவ்வளவுதான். தலவாக்கலை மாதிரி மலையூர் உயரத்துல வெளிக்காற்று அழுத்தம் குறைவு, அதே கேஜ் அழுத்தத்துல (வெளிக்காற்றுக்கு மேல உள்ள அழுத்தம்) ஆவி 1,070க்குப் போயிரும். லைனருக்கு வெளிய வழியும். பஞ்சைக் குறை சொல்லாதீங்க.

பசறைப் பொண்ணு:
தொங்கல் அண்ணே, கணக்கு சரி, முடிவு பிழை. எல்லாப் புள்ளிக்கும் அதே 2 மைக்ரோலீட்டர்தானே? வழிஞ்சா எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒரே வீதம் போகும். ஒரே வயலைத் திரும்பத் திரும்ப அடிச்சா ஏரியா சிதறும், கோடு வளையாது. செப்டம் பேர்ஜ் குழாய்ல (செப்டத்துக்குக் கீழ வாயுவை வெளியேத்துற வழி) ஒட்டினது அடுத்த ஊசியில வந்தாலும் கீழ்ப் புள்ளி கூடத்தான் காட்டும். ஹட்டன் அண்ணனுக்குக் குறையுது. அது லைனர்ல மருந்தை ஒட்டிப்பிடிக்கிற இடங்களோட வேலை.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஸ்டாண்டர்டை (செறிவு தெரிஞ்ச கரைசலை) சின்னதிலிருந்து பெரிசுக்கு வரிசையா அடிக்காதீங்க. கரண்ட் போய் வந்து, வெக்குவம் பிடிச்ச அன்னைக்கே ஓட்டினா உணர்திறன் மெல்ல நகரும், அந்த நகர்வு வளைவு மாதிரியே வேஷம் போடும். கலைச்சு அடிங்க, நடு ஸ்டாண்டர்டைத் தொடக்கத்திலயும் கடைசியிலயும் வைங்க. முதல்ல 18 (தண்ணி), 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) அயன் பாருங்க. 28 தண்ணியைவிடப் பெரிசா நின்னா காத்துக் கசிவு, நட்டை இறுக்குங்க. கரைப்பான்ல போட்ட ஸ்டாண்டர்டும் வேண்டாம். தேயிலைச் சாறு ஒட்டுற இடங்களை மூடிரும், ஸ்டாண்டர்ட்ல மூட ஒண்ணுமில்ல, மீட்பு (போட்டதுல எத்தனை வீதம் திரும்பக் கிடைச்சுதுங்கிறது) 130%ன்னு வரும். மருந்து படாத தூளோட சாற்றுல போடுங்க. கோட்டுக்கு 1/எக்ஸ் எடை (சின்னச் செறிவுக்குக் கூடுதல் மதிப்பு) குடுங்க, ஆர் ஸ்கொயரை விட்டுட்டு ஒவ்வொரு புள்ளியும் திருப்பிக் கணக்குல ±20%க்குள்ள வருதான்னு பாருங்க. இருபடிக் கோடு (வளைஞ்ச கோடு) போட்டு மூடி மறைக்கிறது எனக்குப் பிடிக்காது. லைனர் கெட்டுக்கிட்டே இருந்தா இன்னைக்குப் போட்ட இருபடி நாளைக்குப் பொருந்தாது. டிடெக்டர் நிரம்புறதுன்னா ஒரு அளவுக்குப் பரவாயில்ல.

ஹட்டன்காரன்:
அண்ணே, 1 மைக்ரோலீட்டர்தான்.

தொங்கல்:
அப்ப சரி. ஆனா அந்தப் பஞ்சை எத்தனை ஊசிக்கு ஒருக்கா மாத்துறீங்க?