கருப்பன் உடம்பில் 31 முள்: முள்ளம்பன்றியிடம் மாட்டிய நாய்கள்

தாண்டிக்குடியிலிருந்து

போன ஐப்பசியில் நடந்தது. கொடைக்கானல் கீழ்மலையில் எங்களுக்குக் காப்பித் தோட்டம், ஊடே மிளகும் மலைவாழையும். காவலுக்குக் கருப்பன், கோம்பை இன நாயின் கலப்பு, நாலு வயது. மழை விட்ட ராத்திரி, 11 மணி இருக்கும். ஓடைப் பக்கம் ஒரே குரைப்பு. நடுவில் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம். முள்ளம்பன்றி வால் முள்ளை ஆட்டி எச்சரிக்கிற சத்தம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கருப்பன் ஊளையிட்டுக்கொண்டே வந்து சேர்ந்தான். டார்ச் அடித்துப் பார்த்ததும் என் வீட்டுக்காரி அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கு, கன்னம், கழுத்து, நெஞ்சு என்று எங்கும் கறுப்பும் வெள்ளையுமாக முள். வலி தாங்காமல் முன்னங்காலால் முகத்தைத் தேய்த்து ரெண்டு முள்ளை முறித்தும் விட்டான்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, கத்திரிக்கோல எடு. நடுவுல நறுக்கிட்டா காத்து எறங்கி முள்ளு தளந்துரும், லேசா உருவிரலாம்" என்றார். எங்கள் மலையில் எல்லாரும் சொல்கிற வைத்தியம்தான் இது. நானும் கத்திரிக்கோல் தேடினேன். அதற்குள் வீட்டுக்காரி தன் தம்பிக்கு போன் போட்டுவிட்டாள். அவன் கால்நடை ஆய்வாளர். "மாமா, தயவுசெஞ்சு வெட்டாதீங்க. உள்ள அடைச்சு வச்ச காத்துன்னு எதுவும் கெடையாது. வெட்டுனா சிலாம்பு சிலாம்பாப் பிளந்துரும், அப்புறம் டாக்டருக்குப் பிடிச்சு இழுக்கவும் காம்பு இருக்காது. சோறு எதுவும் வைக்காதீங்க, மயக்க ஊசி போடணும். ராத்திரியே கெளம்புங்க" என்றான்.

பகலாக இருந்தால் 1962 என்ற எண்ணுக்கு போன் அடித்து, கால்நடை மருத்துவ ஊர்தியையே வரச் சொல்லியிருப்போம். ராத்திரி என்பதால் ஜீப்பை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். வீட்டுக்காரி கருப்பனைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்து, முகத்தைத் தேய்க்க விடாமல் முன்னங்கால் ரெண்டையும் பிடித்துக்கொண்டாள். கடித்துவிடுவானோ என்று வாயைக் கட்டப் போனேன். வாய்க்குள்ளும் முள் இருந்தால் கட்டும்போது அது இன்னும் உள்ளே ஏறும் என்று மச்சினன் போனிலேயே தடுத்துவிட்டான்.

டாக்டர் மயக்க ஊசி போட்டு, அவன் தலை சாய்ந்த பிறகுதான் இடுக்கியையே எடுத்தார். ஒவ்வொரு முள்ளையும் தோலை ஒட்டிப் பிடித்து, போன வாட்டத்திலேயே நேராக இழுத்தார். ஆட்டவோ திருகவோ இல்லை. நான் பயந்தது சாண் நீளத்துக்கு நின்ற முட்களைப் பார்த்து. அவை வளைந்து கொடுக்கும், பாதிக்கு மேல் தானாகவே விழுந்துவிடும் என்றார். முள்ளம்பன்றியின் இடுப்புக்குப் பின்னால் இருக்கிற குட்டையான கனத்த முள்தான் ஆழம் போகிறது. 27 எடுத்ததும் முடிந்தது என்று நினைத்தேன். அவர் கையை வைத்து ரோமத்துக்கு எதிராகத் தடவிக்கொண்டே போனார். நாக்குக்கு அடியில் ஒன்று, ஈறில் ஒன்று, கால்விரல் இடுக்கில் ஒன்று, அக்குளில் ஒன்று. இந்த நாலும் என் கண்ணுக்குப் பட்டிருக்கவே பட்டிருக்காது. இதற்காகத்தான் எழுதுகிறேன். நாய் விழித்திருக்கும்போது வீட்டில் வைத்துப் பிடுங்கினால், கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும்தான் பிடுங்குவோம்.

ஒரு வாரம் ஊசியும் மாத்திரையும். நம் வீட்டுப் பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் நாய்க்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் ரெண்டு முறை சொன்னார். வாய்ப்புண் ஆறும்வரை கரைத்த கஞ்சிதான் குடித்தான்.

உங்கள் வீட்டில் நடந்திருந்தால் எழுதுங்கள்.

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து

அண்ணே, நீங்கள் தப்பித்தீர்கள், நாங்கள் தப்பவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டிருந்தோம். கிழங்கு தோண்ட முள்ளம்பன்றி தினமும் வரும். மணி நாட்டு நாய்தான், ஆனால் ஒன்றையும் விட்டுக்கொடுக்காது. அன்றைக்கு அதுக்குப் பத்துப் பன்னிரண்டு முள்தான் ஏறியிருந்தது. அப்பா கத்திரித்தார், பிறகு குறட்டால் இழுத்தார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முள்ளிலேயே மணி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. என் மடியிலேயே வளர்ந்த நாய் அது. வலியில் அதுக்கு என்னைத் தெரியவில்லை, அவ்வளவுதான். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்கினேன்.

எல்லா முள்ளும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஐந்து வாரம் கழித்து மணி இடது முன்னங்காலை ஊன்றாமல் நடந்தது. தோள்பட்டையில் எலுமிச்சை அளவு வீக்கம். மருந்து கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் சீழ் வைக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முள் நம் நகம், முடி மாதிரியான பொருள்தானாம், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாதாம். வேறொரு டாக்டர் ஸ்கேன் செய்து இடத்தைக் கண்டுபிடித்து, அறுத்து எடுத்துக் கையில் கொடுத்தார். ரெண்டு இன்ச் துண்டு, ஒரு முனை கத்திரியால் வெட்டின மாதிரியே தட்டையாக இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

முள் குத்தின நாயை ரெண்டு மாதமாவது தினமும் தடவிப் பாருங்கள். நொண்டல், வீக்கம், மூச்சு வாங்குவது, எது தெரிந்தாலும் "அன்றைக்கு முள்ளம்பன்றி முள் குத்தியிருந்தது" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நெஞ்சில் குத்தினது நுரையீரல் வரைக்கும் போகக்கூடும்.

கனடா, சட்பரியிலிருந்து

இங்குள்ள முள்ளம்பன்றி வேறு இனம், மரமேறும். முள் பெரும்பாலும் விரல் நீளம்கூட வராது, ஆனால் ஒரு விலங்கின் மேல் சுமார் 30,000 இருக்கும். முனையில் கண்ணுக்குத் தெரியாத எதிர்ச்செதில்கள் உண்டு, தூண்டில் முள்ளில் இருப்பதுபோல. தசை அசைய அசைய முள் உள்ளேதான் நகரும். நம் ஊர் முள்ளில் இந்தச் செதில் இல்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் முறிந்து உள்ளே தங்கினால் அதுவும் சீழ் வைக்கும், பேச்சிப்பாறைத் தங்கச்சி எழுதியது போல.

இங்குள்ள சஸ்காட்செவன் மாகாணத்தில் முள் குத்திய 296 நாய்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் தாமதித்துக் கொண்டுவந்த நாய்களுக்குப் பின்விளைவு கூடுதல் என்றது. எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு முறை நடந்துவிட்டது. ஒரு முறை பட்டால் புத்தி வரும் என்று நினைக்காதீர்கள். பல நாய்கள் இன்னும் வெறியோடு தேடிப் போகும்.

மறுபடி தாண்டிக்குடி

கண்ணி வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு அது, பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், அன்றைக்கு அது ஒன்றும் கருப்பனைத் தேடி வரவில்லையே. எய்ப்பன்றி என்று பழைய பெயர் இருக்கிறது, அம்பு மாதிரி முள்ளை எய்யும் என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். அதனால் எய்ய முடியாது. முள்ளைச் சிலிர்த்து, காலைத் தட்டி, வாலை ஆட்டி விலகச் சொல்லும். கேட்காவிட்டால்தான் முதுகைத் திருப்பிப் பின்னோக்கிப் பாயும். புலி, சிறுத்தையே இந்த முள்ளால் செத்திருக்கின்றன.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: உதிர்ந்த பழம், கிழங்கு எதையும் வீட்டுப் பக்கம் விட்டுவைப்பதில்லை. விளக்கு வைத்ததும் கருப்பனைத் திண்ணைக்குள் கட்டிவிடுகிறோம். முள்ளம்பன்றியின் வளை ஓடைக்கரையில் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் அதே கிலுகிலுச் சத்தம் கேட்டது. கருப்பன் காதை விறைத்துக்கொண்டு எழுந்தான், சங்கிலி இறுகியது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தில் கை போட்டுக்கொண்டேன். சத்தம் ஓடையைத் தாண்டிப் போகிறவரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே இருந்தோம்.