1885 பாணி பஸ்ஸில் (bustle) கவுன்: மேல்சட்டை மேலே ஏறுகிறது, பாவாடை பின்னால் தூக்குகிறது. உதவுங்கள்

டனீடன்வாசி:
நியூசிலாந்தின் ஓமரூவில் நவம்பரில் விக்டோரியா காலத் திருவிழா நடக்கும். அதற்குப் போட்டுக்கொள்ள 1885 பாணியில் ஒரு உடுப்பு தைக்கிறேன். மேல்சட்டை தனி, பாவாடை தனி. கருநீலப் பருத்தித் துணி, உள்ளே காடாத் துணி லைனிங். கார்செட்டும் (இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்கச்சை), கம்பி வைத்த பஸ்ஸிலும் (பாவாடையைப் பின்னால் புடைத்து நிற்க வைக்கும் கூடு) தயார்.

கையைத் தூக்கினால் மேல்சட்டை முழுவதும் கூடவே ஏறுகிறது, இறக்கினால் இடுப்பில் சுருக்கம் விழுகிறது. அக்குளில் பிடித்ததால் கைக்குழியை ஒரு இஞ்ச் இறக்கி வெட்டினேன், அதற்கப்புறம் இன்னும் மோசம். பாவாடையோ முன்னால் தரையில் புரள்கிறது, பின்னால் கணுக்கால் தெரிகிறது. ஓரத்தில் கொசுவம் வைத்த ஃப்ரில் தைத்து முடித்தாயிற்று, அதைப் பிரிக்க மனசு வரவில்லை.

ஊசிநூல்:
அளவு எடுத்தபோது உள்ளே கார்செட் போட்டிருந்தீர்களா? பாவாடை அளவு பஸ்ஸில், உள்பாவாடை எல்லாவற்றுக்கும் மேலே எடுத்ததா?

டனீடன்வாசி:
மேல்சட்டைக்கு கார்செட்டோடுதான் எடுத்தேன். பாவாடையை மேசையில் விரித்து, சுற்றிலும் ஒரே உயரத்தில் வெட்டினேன்.

ஊசிநூல்:
பாவாடைக்குக் காரணம் அதுதான். துணி பஸ்ஸில் மேல் ஏறி இறங்க வேண்டும், அதனால் பின்பக்கத்துக்கு நீளம் கூடுதலாகத் தேவை. ஃப்ரில்லைத் தொட வேண்டாம். அந்தக் காலத்துத் தையல்காரர்கள் பாவாடையின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் இடுப்பில்தான் சரிசெய்தார்கள். இடுப்புப் பட்டியைப் பிரித்துவிட்டு, எல்லா உள்ளுடுப்பும் போட்டு, பாவாடையை ஒரு நாடாவால் இடுப்பில் கட்டி நில்லுங்கள். முன்பக்கத்தை மேலே இழுத்து ஓரம் சுற்றிலும் சமமாக வரும்படி யாராவது சரிசெய்யட்டும். நாடா இருக்கும் இடத்தில் சாக்கால் கோடு போட்டு, தையலுக்குத் துணி விட்டு, மிச்சத்தை வெட்டிப் பட்டியை வையுங்கள். தரையிலிருந்து இரண்டு இஞ்ச் உயரத்தில் நின்றாலும் தப்பில்லை, வெளியே நடந்து போகிற பாவாடைகள் அப்போது அப்படித்தான் இருந்தன.

லெஸ்டர்_அக்கா:
மேல்சட்டைக்கு நான் சொல்கிறேன். கைக்குழி இறங்க இறங்க, கை தூக்கும்போது சட்டையும் கூடவே வரும். நல்ல ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கு இது தெரியும். 1880களின் சட்டையில் கைக்குழி சின்னதாக, அக்குளை ஒட்டியே இருக்கும். வெட்டிய துணியை ஒட்ட முடியாது. ஆனால் முழுச்சட்டையும் வீணில்லை. அக்குளுக்குக் கீழே வரும் பக்கத் துண்டையும், இரண்டு துண்டுக் கையின் அடித்துண்டையும் மட்டும் ஒரு இஞ்ச் உயர்த்திப் புதிதாக வெட்டுங்கள். முதலில் காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டுப் பாருங்கள். அக்குளில் பிடித்தால் தையலுக்கு விட்ட துணியில் வெட்டுக் கொடுங்கள், குழியை இறக்காதீர்கள்.

அடுத்தது இடுப்பு நாடா. இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயன் குறைவு. விறைப்பான ஒரு இஞ்ச் அகல நாடாவை இடுப்புக் கோட்டில், முதுகுப் பக்கத் தையல்களின் உள்விளிம்பில் மட்டும் கைத்தையலால் பிடித்துவிடுங்கள். முன்பக்கம் தொங்கட்டும், நுனியில் ஹூக். போடும்போது முதலில் இந்த நாடாவை இறுக்கி மாட்டி, பிறகுதான் சட்டையின் முன்பக்கம். சட்டை ஏறாமல் பிடித்து வைப்பது இதுதான். பாரிஸில் பேர்போன உடை நிறுவனமான வொர்த் தன் பெயரைப் பொறித்தது இந்த நாடாவில்தான், பழைய உடுப்புகளுக்குள் பார்க்கலாம்.

டனீடன்வாசி:
காடாத் துணியில் பார்த்தேன், இப்போது கை தாராளமாகத் தூக்க வருகிறது! நாடாவும் வைத்துவிட்டேன். பாவாடை ஓரமும் சமம். இரண்டு உள்பாவாடையின் சுருக்கம்தான் இடுப்பில் மொத்தமாக நிற்கிறது, கனமும் இருக்கிறது.

ஊசிநூல்:
சுருக்கத்தை இடுப்பில் வைக்காமல், இடுப்பெலும்பு வரை தட்டையாக ஒரு அகலப் பட்டி வைத்து அதன் கீழே தொடங்குங்கள். கனம் பற்றி அப்போதே சண்டை நடந்தது. லண்டனில் 1881இல் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கம், உள்ளுடுப்பு மொத்தமும் ஏழு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. அதாவது 3 கிலோ சொச்சம். உங்களுடையதை நிறுத்துப் பாருங்கள்.

லெஸ்டர்_அக்கா:
அன்றைக்கு கார்செட்டுக்கு முன்னாடியே பூட்ஸ் போட்டுவிடுங்கள், அப்புறம் குனிய முடியாது. காரில் பஸ்ஸிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதுதான் உத்தமம். நாற்காலியில் நுனியில், கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள்.

டனீடன்வாசி:
நன்றி அக்கா. கடைசியாக ஒன்று: உட்கார்ந்தால் முன்பக்க ஹூக் தானாகக் கழன்றுவிடுகிறது.

லெஸ்டர்_அக்கா:
எல்லா ஹூக்கையும் ஒரே பக்கம் தைத்திருப்பீர்கள். ஒன்று விட்டு ஒன்று பக்கம் மாற்றுங்கள்: ஒரு வரியில் ஹூக் வலப்பக்கம், வளையம் இடப்பக்கம், அடுத்ததில் நேர்மாறாக. போட நேரமாகும், ஆனால் கழலாது.