கார்பன் பந்திலும் வைரஸ் ஓட்டிலும் அதே 12: எப்படி?

மாணவன்_11: 60 கரி அணுக்கள் பந்தாகச் சேர்ந்த சி60 மூலக்கூறில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம். அதைவிட நூறு மடங்குக்கு மேல் பெரிய அடினோவைரஸின் ஓட்டில் 252 புரத அலகுகள். அவற்றில் ஐந்தே அண்டை அலகுகள் உள்ளவை சரியாக 12. ஒன்று கரி, மற்றது புரதம். பிறகு எப்படி ஒரே எண்? தாளில் அறுகோணங்களை மட்டும் ஒட்டிப் பார்த்தால் பந்தாகவே வளையவில்லை.

கோணமானி: வளையாது. முனைக்கு மூன்று 120° சேர்ந்தால் 360°, தரையில் பாவிய ஓடு மாதிரி தட்டையாகத்தான் விரியும். ஓர் ஐங்கோணம் நுழைந்தால் 108+120+120 = 348°. அந்த 12° குறைவுதான் வளைவு. சி60-இன் 60 முனைகளுக்கும் கூட்டினால் 720°. பந்து போல மூடிய எந்தப் பன்முகிக்கும் இதே கூட்டுத்தொகைதான்.

கணக்காகவே பார்க்கலாம். வைரஸில் ஐந்து அண்டை உள்ள அலகை ஐங்கோணமாகவும் ஆறு உள்ளதை அறுகோணமாகவும் கொள்ளுங்கள். ஐங்கோணங்களின் எண்ணிக்கை ஐ, அறுகோணங்களின் எண்ணிக்கை அ என்க. மொத்தப் பக்கம் 5ஐ+6அ. ஒரு விளிம்பு இரண்டு முகத்துக்குப் பொது, ஒரு முனை மூன்று முகத்துக்குப் பொது. எனவே 2-ஆலும் 3-ஆலும் வகுத்து, முனை − விளிம்பு + முகம் = 2 என்ற ஆய்லர் சூத்திரத்தில் இடுங்கள். அ முழுக்க அடிபட்டுப்போய் ஐ/6 = 2 என்று நிற்கும். அறுகோணம் எத்தனை ஆனாலும் ஐ = 12. இதில் கரிக்கும் புரதத்துக்கும் வேலையே இல்லை.

கத்தரிக்கோல்: மாதிரி செய்ய பக்கம் 3 செ.மீ. வையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: இரண்டையும் ஒரே ஆரமுள்ள வட்டத்தில் வரைந்தால் ஐங்கோணத்தின் பக்கம் 3.5 செ.மீ. ஆகிவிடும், பொருந்தாது. அறுகோணத்துக்கு ஆரம் 3 செ.மீ., ஐங்கோணத்துக்கு 2.55 செ.மீ. ஒட்டும் மடிப்பை ஐங்கோணங்களில் மட்டும் விட்டால் 60 விளிம்பு முடிந்துவிடும். மிச்சம், அறுகோணமும் அறுகோணமும் சேரும் 30. சி60-இல் இரட்டைப் பிணைப்பின் தன்மை மிகுந்தவை இந்த முப்பதும்தான். நீளம் சுமார் 1.40 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), மற்ற அறுபதும் 1.45. அந்த முப்பதுக்கு வேறு நிறத் தாள் ஒட்டினால் வேதியியலும் கண்ணுக்குத் தெரியும்.

புரதவலை: ஒரு திருத்தம். வைரஸில் 'அறுகோண இடம்' என்றால் அங்கே ஆறு புரதம் என்று எழுதிவிடாதீர்கள். அடினோவைரஸின் 240 ஹெக்ஸான்கள் (ஆறு அண்டை உள்ள அலகுகள்) ஒவ்வொன்றிலும் இருப்பது மூன்றே புரதச் சங்கிலி. எஸ்வி40 என்ற இன்னொரு வைரஸில் 72 அலகுகளும் ஐந்தைந்து புரதங்கள் சேர்ந்த கொத்துகள். அதனால் மொத்தப் புரதம் 420 (12×5 + 60×6) அல்ல, 360. எண்ண வேண்டியது அண்டை அலகுகளை. ஓடு உருண்டையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை: எச்ஐவியின் கூம்பு வடிவ உள்ளோட்டில் ஐங்கோண இடங்கள் அகன்ற முனையில் 7, குறுகிய முனையில் 5; மொத்தம் அதே 12.